பின்னேரம் மூன்று மணிக்குக் கொடுத்த இரத்தம்

எங்கள் வீட்டில் சோயாமீற் அன்றாடக் கறியானது 2022இல்தான். அந்த வருடம் திருகோணமலையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையிலேயே கிடந்தன. விடியற்காலையில் திருக்கடலூர்க் கரைக்குப் போனால் காய்ந்த வலைகளைத்தான் பார்க்கலாம். மீன் வாங்க வந்தவர்கள் வெறும் பையோடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கீரி, சூடை என்று சின்ன மீன் வாங்கிச் சாப்பிட்டே பழகியவர்கள். பெரிய மீன் எங்கள் வீட்டுக்கு விசேஷங்களுக்குத்தான் வரும். அந்தக் கீரியே கைக்கு எட்டாத விலைக்குப் போனபோது, மாமி கடையிலிருந்து சோயாமீற் பக்கெட்டுகளைக் கொண்டுவந்து அடுக்களைத் தட்டில் அடுக்கினார். ஒரு பக்கெட் நாலு பேருக்குக் காணும். இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் ஐந்தாவது ஆளுக்கும் காணும்.

மாமி அதைச் சமைக்கும் விதம் தனி. கொதித்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைப்பார். ஊறியதும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிழிவார். மஞ்சளாய் ஒரு தண்ணீர் வரும். அதை ஊற்றிவிட்டு மறுபடி சுடுதண்ணீர், மறுபடி பிழிவது. மூன்றாம் முறை தண்ணீர் தெளிந்த பிறகுதான் சட்டி அடுப்புக்கு ஏறும். தேங்காயெண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்கி, கறித்தூள் போட்டு, கட்டிப்பால் விட்டு, இறக்குவதற்கு முன் பெருஞ்சீரகத்தை இடித்துத் தூவுவார். பக்கெட்டுக்குள் வரும் சுவைத்தூளில் பாதியைத்தான் போடுவார், அதில் உப்பு அதிகம் என்று. நல்ல பழக்கம் அது, நீங்களும் செய்யலாம். வெள்ளிக்கிழமை, விரத நாள், வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மார்கழி, தை என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அந்தக் கறிதான். மீன் விலை கொஞ்சம் இறங்கிய பிறகும் கிழமையில் ஐந்து நாள் சோயா என்பது மாறவில்லை.

நான் ஊருக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. 2023 கார்த்திகையில் ஒரு நாள் நடு இரவு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“மச்சான், உதைத் திண்டுதிண்டுதான் உனக்கு இன்னும் பிள்ளை இல்லை. சோயாவில பொம்பிளை ஹோர்மோன் இருக்கு, தெரியுமா?”

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருடம் முடிந்திருந்தது. வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் மாமி எதைக் கேட்டுக் கும்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் குளிக்கும்போது கண்ணாடியில் என் நெஞ்சைப் பார்த்தேன். சதை கொஞ்சம் தொங்குவது போலிருந்தது. அந்த மூன்று வருடத்தில் என் எடை 71 கிலோவிலிருந்து 80 கிலோவுக்குப் போயிருந்தது. வயிறும் போட்டிருந்தது. அது என் கண்ணில் படவில்லை. நெஞ்சு மட்டும்தான் தெரிந்தது. பயம் வந்துவிட்டால் மனிதனுக்குப் பயத்துக்கு ஏற்ற சாட்சிதான் கண்ணில் படும். அன்றே மாமியிடம், இனி எனக்குச் சோயா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். வயிற்றுக்குச் சரியில்லை என்று பொய் சொன்னேன்.

நான் நிறுத்தியதும் வீடே நிறுத்தியது. ஒருவருக்காக இரண்டு கறி வைக்க யாரிடம் வசதி இருக்கிறது? வாடைக்காலம் என்பதால் மீனும் குறைவு. பருப்பும் பூசணியும் சம்பலுமாகப் போனது. முட்டை வாங்கினால் எனக்கு முழு முட்டை, மற்றவர்களுக்குப் பாதி. இதை இப்போது எழுதும்போதும் மனது வலிக்கிறது. யாரோ சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு நான்கு பேரின் தட்டிலிருந்து புரதத்தை எடுத்திருக்கிறேன். உலர்ந்த சோயாமீற்றில் கிட்டத்தட்ட பாதி எடை புரதம். 

2024 தை மாதம் எனக்கு டெங்கு வந்தது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. அதனால் காய்ச்சல் என்றதும் வீட்டில் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள் வாட்டில் கிடந்துவிட்டு வந்தேன். உடம்பு தேறி மாசி மாதம் வேலைக்குப் போகத் தொடங்கியதும், யாருக்கும் சொல்லாமல் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனேன். முதல் நாள் இரவு வேலை. விடிய வந்து நான்கு மணி நேரம் தூங்கி, சோறு சாப்பிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கு இரத்தம் கொடுத்தேன். ஆண் ஹோர்மோனான டெஸ்டஸ்டெரோன் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டேன். விந்துப் பரிசோதனைக்கும் அங்கேயே பதிந்தேன். எப்போது தூங்கினீர்கள், அண்மையில் காய்ச்சல் வந்ததா, எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. காசை வாங்கினார்கள், போத்தலைக் கையில் தந்தார்கள், அவ்வளவுதான்.

தாளில் டெஸ்டஸ்டெரோன் டெசிலீற்றருக்கு 248 நனோகிராம் என்று இருந்தது. பொதுவாக 300க்குக் கீழே போனால் குறைவு என்று பார்ப்பார்கள். விந்தணு எண்ணிக்கை மில்லிலீற்றருக்கு 90 இலட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் அளவு 160 இலட்சம்.

உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தாளை நாலாக மடித்துச் சேர்ட் பையில் வைத்திருந்தேன். அது நெஞ்சில் ஒரு தணலைப் போலச் சுட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு செய்தவை புத்திகெட்ட காரியங்கள். 14,500 ரூபாய்க்கு ஆண்மை லேகியம் ஒன்றும் குளிசைகளும் வாங்கினேன். என்னென்ன சேர்த்தது என்று அந்தப் போத்தலில் எழுதியே இருக்கவில்லை. பிறகு உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் தெரிந்த தம்பி ஒருவர், ஊசி ஒன்று இருக்கிறது அண்ணா, போட்டால் ஒரு மாதத்தில் டெஸ்டஸ்டெரோன் ஏறிவிடும் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். போடவும் இருந்தேன்.

தடுத்தது என் மனைவி. உடுப்புத் துவைக்கும்போது பையிலிருந்த தாளை எடுத்திருக்கிறாள். நான் வேலையால் வந்தபோது தாள் மேசையில் விரித்தபடி இருந்தது, காயவைத்த மாதிரி. கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“இஞ்ச பாருங்க, இதை எனக்கு ஏன் ஒளிச்சனீங்க? பிள்ளை எண்டது உங்கட தனிக் காரியமா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “டொக்டரிட்டப் போவம். நானும் வாறன். என்னையும் பார்க்கட்டும்,” என்றாள்.

எத்தனையோ ஆண்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறோம். தாளை ஒளித்து வைத்துவிட்டுத் தனியாக மருந்து தேடுகிறோம். பிள்ளை தாமதமானால் இருவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருடம் முயன்றும் கிடைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போகலாம்.

பங்குனி நடுப்பகுதியில் ஒரு மருத்துவரிடம் போனோம். வயதானவர், நிதானமாகப் பேசுபவர். நான் தாளை நீட்டியபடியே சொன்னேன், “சேர், நான் சோயா கனக்கச் சாப்பிட்டனான். அதாலதான் இப்பிடி வந்திருக்கு.”

அவர் தாளைப் பார்ப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, இரத்தம் எத்தனை மணிக்குக் குடுத்தனீங்க?”

மூன்று மணி என்றேன். முதல் நாள் இரவு வேலை என்றேன். டெங்கு வந்ததையும் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

“சோயாவை எப்ப நிப்பாட்டினீங்க?”

“கார்த்திகையில, சேர்.”

“அப்ப இந்த இரத்தம் குடுக்கேக்க நீங்க சோயா சாப்பிட்டு மூண்டு மாதமாகப் போகுது. இல்லாத கறி எப்பிடி இரத்தத்தைக் குறைக்கும்?”

இவ்வளவு நேரான கணக்கு எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

பிறகு அவர் விளக்கியவற்றையும், வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். சோயாவில் ஐசோபிளேவோன் என்ற பொருட்கள் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்பவை அதில் முக்கியமானவை. அவற்றின் உருவம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். அதனால்தான் தாவர ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். நம் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் ஏற்பிகள் இரண்டு வகை. ஐசோபிளேவோன் பெரும்பாலும் அதில் ஒரு வகையில்தான் ஒட்டும். அங்கேயும் உடம்பின் சொந்த ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட்டால் அதன் வீரியம் மிகக் குறைவு.

இந்தப் பயத்தின் பழைய வேர் ஒன்று செம்மறியாடுகளில் இருக்கிறது. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு வகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த செம்மறிகள் சினைப்பிடிக்காமல் போயின. அந்தப் புல்லில் இருந்த தாவர ஈஸ்ட்ரோஜன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆடுகள் நாள் முழுவதும் அதையே மேய்ந்தவை. அவற்றின் இரைப்பையில் அந்தப் பொருள் இன்னும் வீரியமான ஒன்றாக மாறுகிறது. சோற்றோடு இரண்டு கரண்டி சோயாக்கறி சாப்பிடுகிற ஆளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மனிதர்களில் கேடு வந்ததாக எழுதப்பட்ட கதைகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு வீங்கி நோவெடுத்தது. ஆராய்ந்து பார்த்தால் அவர் தினமும் கிட்டத்தட்ட மூன்று லீற்றர் சோயாப் பால் குடித்திருக்கிறார். நிறுத்தியதும் அளவுகள் வழமைக்குத் திரும்பின. 2008இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. 19 வயது இளைஞர் ஒருவர் முழுத் தாவர உணவில் நாளுக்கு 360 மில்லிகிராம் அளவுக்கு ஐசோபிளேவோன் எடுத்து, டெஸ்டஸ்டெரோன் குறைந்து, ஆசையும் குறைந்து, நிறுத்திய பிறகு ஒரு வருடத்துக்குள் தேறிய கதையும் பதிவாகியிருக்கிறது.

மருத்துவர் இதைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டார். ஒரு பக்கெட் 90 கிராம். நான்கு பேர். என் பங்குக்கு 25 முதல் 40 மில்லிகிராம் ஐசோபிளேவோன் வரலாம், தயாரிக்கும் முறையைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். ஜப்பானில் சாதாரண மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தினமும் சாப்பிட்டுவரும் அளவும் ஏறத்தாழ இதுதான். “மூண்டு லீற்றர் குடிச்சவரின்ர கதையை வைச்சு மாமியின்ர கறிக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது தம்பி,” என்றார்.

ஒருவர் இருவர் கதையை விட்டுவிட்டுப் பலரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளுக்கு வருவோம். 2010இல் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சோயாப் புரதமோ ஐசோபிளேவோனோ ஆண்களின் டெஸ்டஸ்டெரோனைக் குறைக்கவில்லை என்று வந்தது. 2021இல் அதையே இன்னும் விரிவாக, 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்த டெஸ்டஸ்டெரோன் மட்டும் 1,753 ஆண்களில் அளக்கப்பட்டிருந்தது. டெஸ்டஸ்டெரோனும் மாறவில்லை, ஈஸ்ட்ரோஜனும் மாறவில்லை. எவ்வளவு சாப்பிட்டார்கள், எத்தனை காலம் சாப்பிட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான்.

விந்தணுவைப் பற்றி ஒரு முரணான ஆய்வு உண்டு. இணையத்தில் எல்லோரும் எடுத்துக் காட்டுவது அதைத்தான். பொஸ்டன் பக்கம் பிள்ளையின்மைக்காகச் சிகிச்சைக்கு வந்த 99 ஆண்களிடம், முந்தைய மூன்று மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அவர்களின் விந்தையும் பார்த்தார்கள். சோயா கூடுதலாகச் சாப்பிட்டவர்களில் விந்தணுச் செறிவு குறைவாக இருந்தது. எடை கூடியவர்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அசைவிலும் வடிவத்திலும் வேறுபாடு இல்லை. இது கேட்டு எழுதிய கணக்கு, சோயாவைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை இல்லை. பிறகு 2015இல் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளைப் பார்த்தபோது, ஆண் சாப்பிட்ட சோயாவுக்கும் கரு உருவாவதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. எனக்கு இது போதுமானதாகப் பட்டது. இந்த ஒரு ஆய்வுக்காக மனம் அமைதியாகாதவர்கள், பிள்ளைக்கு முயலும் காலத்தில் சோயாவைக் கிழமைக்கு இரண்டு மூன்று நாளாக வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே துரத்த வேண்டிய பொருள் அது இல்லை.

அப்படியென்றால் 248க்கும் 90 இலட்சத்துக்கும் காரணம் என்ன?

டெஸ்டஸ்டெரோன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தூக்கத்தில் ஏறி, காலையில் உச்சத்துக்கு வந்து, பின்னேரம் இறங்கும். அதனால் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். ஒற்றைத் தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நோயிலிருந்து எழுந்த கையோடும் பார்க்கக் கூடாது. நான் கொடுத்தது பின்னேரம், சோறு சாப்பிட்டுவிட்டு, தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, டெங்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத உடம்பிலிருந்து.

தூக்கத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. 2011இல் சிக்காகோவில் பத்து இளைஞர்களை ஒரு கிழமை இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பகல்நேர டெஸ்டஸ்டெரோன் 10 முதல் 15 வீதம்வரை இறங்கியிருக்கிறது. ஒரு கிழமையில்! நான் எத்தனை வருடமாக நான்கு மணி நேரத் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்! அதோடு, வயிற்றுக் கொழுப்பில் இருக்கும் ஒரு நொதி டெஸ்டஸ்டெரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பொம்பிளை ஹோர்மோன் தட்டில் இருக்கிறது என்று பயந்தேன். அதை உண்டாக்கும் இடம் என் இடுப்புப் பட்டிக்கு மேலே இருந்தது. அவர் என் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். கட்டியாக எதுவும் இல்லை, எடையால் வந்த கொழுப்புத்தான் என்றார். ஆனால் முலைக்காம்புக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டாலோ, நோவு இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ தாமதிக்காமல் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். விதைப்பையையும் பார்த்தார். அங்கே இரத்த நாளங்கள் புடைத்திருப்பது ஆண்களில் பிள்ளை தாமதமாக அடிக்கடி காணும் காரணம். வெட்கப்பட்டுக் காட்டாமல் விடுபவர்கள் அதிகம். எனக்கு அது இருக்கவில்லை.

விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை, மூன்று மாதம் எடுக்கும். கடும் காய்ச்சல் வந்தால் அந்த நேரம் உருவாகிக்கொண்டிருந்தவை பாதிக்கப்படும். அது பல கிழமை கழித்துத்தான் தாளில் தெரியும். டெங்கு வந்தவர் மூன்று மாதம் பொறுத்துத்தான் விந்துப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட வேண்டும். வீட்டில் எடுத்தால், உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஊசிக் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“போட்டிட்டீங்களோ?”

“இல்லை, சேர்.”

“நல்ல காலம். பிள்ளை வேணும் எண்டு நினைக்கிற ஆம்பிளை அந்த ஊசியை நினைச்சும் பார்க்கக்கூடாது.”

வெளியிலிருந்து டெஸ்டஸ்டெரோன் வந்தால் மூளை, இனி நீ உண்டாக்க வேண்டாம் என்று விதைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். இரத்தத்தில் ஹோர்மோன் ஏறும், விந்தணு இறங்கும். சிலருக்கு முழுவதும் இல்லாமலே போகும், திரும்ப வர மாதங்கள் எடுக்கும். சோயாவுக்குப் பயந்த நான், உண்மையிலேயே விந்தணுவை அழிக்கும் ஒன்றைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ள இருந்தேன். உடற்பயிற்சிக்கூடங்களுக்குப் போகும் தம்பிமாருக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். லேகியத்தையும் குளிசைகளையும் அன்றே நிறுத்தினேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கையறை யன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தோம். இரவு வேலை முடிந்து வந்தால் போனை வெளியே வைத்துவிட்டு ஏழு மணி நேரம் படுத்தேன். மேலாளரிடம் பேசி, இரவு நாட்களைத் துண்டு துண்டாக வாங்காமல் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இரவு வேலை இல்லாத நாட்களில் விடியற்காலை உப்புவெளிக் கடற்கரையில் நடந்தேன். சோற்றைக் குறைத்தேன். சோயாக் கறி மறுபடி வந்தது. மாமியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

ஆனியில், ஒரு கிழமை லீவு எடுத்து இரவில் தூங்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன். 391. இரண்டு கிழமை கழித்து மறுபடி, 418. விந்தணு 310 இலட்சம். எடை 75 கிலோ. இந்த இலக்கங்கள் வந்தபோது நான் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கிழமையில் நான்கு நாள் சோயா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் ஒருவன் உடம்பு எதற்கும் ஆதாரமாகாது என்பது எனக்குத் தெரியும். தூக்கம், எடை, காய்ச்சல், நேரம் எல்லாமே ஒன்றாக மாறியிருந்தன. மேலே சொன்ன தொகுப்பு ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டும். ஆனால் கையில் பிடித்த தாளுக்கு ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று இருக்கிறது. சோயாவுக்கும் எங்கள் பிரச்சினைக்கும் ஒரு தொடர்பு கடைசியில் கிடைக்கத்தான் செய்தது, என் மனைவியின் பக்கத்தில். அவளுக்குச் செய்த பரிசோதனையில் தைரொயிட் சுரப்புக் குறைவு என்று வந்தது. அதுவும் பிள்ளை தாமதமாக ஒரு காரணமாகலாம். தைரொக்சின் குளிசை தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், தைரொயிட் சுரப்புக் குறைந்தால் ஏறுகிற TSH என்ற அளவு எதிர்பார்த்த மாதிரி இறங்கவில்லை. மருத்துவர் குளிசையைக் கூட்டுவதற்கு முன், அவள் காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் குளிசையை விழுங்கிய கையோடு, சோயா கலந்த தானிய மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துச் சாப்பிட்டு, பால்தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவாள். சோயா, வயிற்றிலிருந்து தைரொக்சின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியம் குளிசையும் அப்படித்தான். அதற்காகச் சோயாவை விட வேண்டியதில்லை. குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமும், சோயாவுக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விட்டால் சரி. தைரொக்சின் எடுக்கும் அம்மாமார், அக்காமார் எத்தனை பேர் இது தெரியாமல் காலையில் சோயாப் பாலோடு குளிசை விழுங்குகிறார்களோ. ஆண்களின் ஹோர்மோனைப் பற்றி இவ்வளவு பேசும் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது காலை ஐந்தரைக்கு அவளுடைய போன் அடிக்கும். கட்டில் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலும் குளிசையும் இரவே எடுத்து வைத்திருக்கும். விழுங்கிவிட்டு முற்றம் கூட்டப் போவாள். ஆறரைக்குப் பிறகுதான் தேத்தண்ணி. மா உருண்டையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் பதினொரு மணிக்கு வேலைத்தலத்தில் சாப்பிடுகிறாள். இரண்டு மாதத்தில் அவளுடைய அளவு, மருத்துவர் விரும்பிய இடத்துக்கு வந்தது. அடுத்த கிளினிக் இருவருக்கும் ஒரே நாளில் போட்டிருக்கிறார்கள். கொப்பிகள் இரண்டும் சாமித்தட்டில் மாமி வைத்த இடத்தில் இருக்கின்றன. அன்றைக்குக் காலையில் நான் வெறும் வயிற்றோடு போக வேண்டும்.